ஆறு கோடிப் புள்ளிகளின் கணக்கு

கேமரா வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை மெகாபிக்சல்?' என்றுதான். சோனி நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஏ7ஆர் 4 இந்தக் கேள்விக்கு 61 என்று பதில் சொன்னது. ஒரே படத்தில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள்! 2022-இல் வந்த ஏ7ஆர் 5 கேமராவிலும் அதே 61தான். இப்படிப்பட்ட கேமராவை எப்படி எடைபோடுவது? அந்த எண் கேமராவால் எட்ட முடிந்த உச்சவரம்பு மட்டுமே. படத்தில் எவ்வளவு நுணுக்கம் பதிகிறது என்பதை லென்ஸும் வெளிச்சமும் அசைவும் ஒளியின் இயல்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இவை ஃபுல் ஃபிரேம் கேமராக்கள். ஃபுல் ஃபிரேம் என்பது பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவு: ஏறத்தாழ 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். அந்தச் சிறிய பரப்பில் ஏ7ஆர் 4 கேமரா அகலவாட்டில் 9,504, உயரவாட்டில் 6,336 பிக்சல்களை அடுக்கியிருக்கிறது. ஒரு பிக்சலின் அகலம் வெறும் 3.76 மைக்ரான். இதே அளவு சென்சார் கொண்ட 24 மெகாபிக்சல் கேமராவில் இது சுமார் 6 மைக்ரான். பிக்சல்கள் இரண்டரை மடங்கு கூடியிருந்தாலும் அவை நீளம், அகலம் இரண்டிலும் பங்கிடப்படுவதால், எந்த ஒரு திசையிலும் நுணுக்கம் 1.6 மடங்குதான் கூடுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 24 மெகாபிக்சல் படம் 20 அங்குல அகலம் வரும். 61 மெகாபிக்சல் படம் 31 அங்குலத்தைத் தாண்டும். ஆனால் 4கே டிவி காட்டுவது 83 லட்சம் பிக்சல்கள்தான். திரையில் மட்டுமே பார்க்கப்படும் படத்துக்கு இரண்டு கேமராக்களுமே தாராளம்.

இத்தனை நுண்ணிய பிக்சல்களுக்கு மிரர்லெஸ் அமைப்பு பெரிதும் உதவுகிறது. பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியே வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிடும். ஃபோகஸ் பார்க்கும் உணரி அடியில் தனியாக இருக்கும். அதற்கும் படம் பதியும் சென்சாருக்கும் இடையே மயிரிழை வேறுபாடு இருந்தாலும் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதில் போய் விழும். மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி இல்லை. படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. ஏ7ஆர் 4 சென்சாரில் இதற்கென 567 புள்ளிகள் உள்ளன. கண்ணாடி எழும்பி இறங்கும் அதிர்வும் ஒழிந்தது.

ஆனாலும் அசைவு நம்மை விடாது. 85 மி.மீ. லென்ஸுடன் மூன்று மீட்டர் தொலைவில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் அவர் முகத்தில் பார்ப்பது 0.13 மி.மீ.; ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சற்றே அதிகம். அவர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே நடந்தால், 1/125 வினாடியில் 8 மி.மீ. நகர்ந்துவிடுவார். படத்தில் அது சுமார் 60 பிக்சல் நீளமுள்ள தீற்றல். கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் ஈடுகட்டும், நடப்பவரை நிறுத்தாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதே வழி.

அடுத்தது ஒளியின் இயல்பு. அப்பர்ச்சர் எனப்படும் லென்ஸின் சிறிய துளை வழியே செல்லும் ஒளி விளிம்பு விளைவால் பரவுகிறது. எவ்வளவு உயர்ந்த லென்ஸானாலும் ஒரு புள்ளி ஒளி சிறு வட்டமாகத்தான் பதியும். பச்சை ஒளியில் எஃப்/2.8 அப்பர்ச்சரில் அந்த வட்டம் ஏறக்குறைய ஒரு பிக்சல் அகலம். எஃப்/8-இல் மூன்று பிக்சல். எஃப்/16-இல் ஆறு பிக்சல். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்தாலோ லென்ஸின் சொந்தக் குறைகள் தலைகாட்டும். ஆகவே பெரும்பாலான நல்ல லென்ஸ்களுக்கு எஃப்/4 முதல் எஃப்/8 வரை சிறந்த இடம். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். செய்தித்தாளின் ஒரு பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை முக்காலியில் நேராக நிறுத்தி, ஒவ்வோர் அப்பர்ச்சரிலும் ஒரு படம் எடுங்கள். பொடி எழுத்துகளை நடுவிலும் நான்கு மூலைகளிலும் பெரிதாக்கிப் பாருங்கள். மூலைகளில் எழுத்து கரைந்தால் பழி லென்ஸுக்கு.

'பிக்சல் சிறிதானால் இரைச்சல் கூடும்' என்பது பாதி உண்மை. சிறிய பிக்சலில் விழும் ஃபோட்டான்கள் குறைவு. 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் ஒரு சதவீதம், 100 விழுந்தால் பத்து சதவீதம். ஆனால் மொத்த சென்சாரில் விழும் ஒளி மாறவில்லை. இரண்டு கேமராப் படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டு ஒப்பிட்டால் வேறுபாடு பெருமளவு மறைந்துவிடும். இரண்டையும் பிக்சல் பிக்சலாகப் பெரிதாக்கி ஒப்பிடுவது நியாயமான சோதனை அல்ல.

இன்னொரு சோதனை, துணி. கோடாக் பொறியாளர் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி முறைதான் இன்றும் பெரும்பாலான சென்சார்களில் இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்றை மட்டுமே பார்க்கும். மற்ற இரண்டும் கணக்கிட்டு நிரப்பப்படும். நெருக்கமான நெசவுள்ள பட்டுச்சேலையின் இழை இடைவெளி பிக்சல் இடைவெளியை நெருங்கும் தொலைவில், சேலையில் இல்லாத வண்ண அலைகள் படத்தில் தோன்றும். பிக்சல் கூடினால் இந்தத் தொல்லை தள்ளிப்போகும், தீராது. திருமணப் படம் எடுப்பவர்கள் கேமராவை வாங்குமுன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் ஏ7ஆர் 4 சென்சாரை வரி வரியாகப் படித்து முடிக்கச் சுமார் பத்தில் ஒரு வினாடி ஆகிறது. அதற்குள் ஓடும் வண்டி சாய்ந்துவிடும்; எல்இடி விளக்கொளி பட்டைகளாக விழும். கோப்பின் எடையும் கணக்கில் சேர வேண்டும். சுருக்கப்படாத ஒரு ரா (RAW) கோப்பு ஏறத்தாழ 120 எம்பி. ஆயிரம் படங்களுக்கு 120 ஜிபி. மெமரி கார்டு, ஹார்டு டிஸ்க், கணினி எல்லாவற்றின் விலையும் கேமராவின் விலையோடு சேர்ந்ததே.

இந்தக் கேமராவின் முழு வலிமை அசையாத பொருளிடம் வெளிப்படுகிறது. சென்சாரை அரை பிக்சல் அளவுக்கு நகர்த்தி நகர்த்தி 16 படங்கள் எடுத்து, கணினியில் 24 கோடிப் பிக்சல் கொண்ட ஒரே படமாக இணைக்க முடியும். ஓவியம், ஓலைச்சுவடி, பழைய வரைபடம் போன்றவற்றை ஆவணப்படுத்த இது மிக அருமையான வசதி. மரத்தின் இலை ஆடினால் மட்டும் பயன்படாது.

பெரிய அச்சுப் படங்கள் எடுப்பவர், தொலைவில் உள்ள பறவையை வெட்டிப் பெரிதாக்குபவர், ஆவணப் பணி செய்பவர் ஆகியோருக்கு 61 மெகாபிக்சல் கொடுத்த காசுக்குத் தகும். குடும்ப விழாக்களையும் பயணங்களையும் பதிவுசெய்ய 24 மெகாபிக்சல் போதும். கையில் இருக்கும் பணம் உயர்ந்த கேமரா, உயர்ந்த லென்ஸ் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், லென்ஸையே வாங்குங்கள்.