டெல்டா பாடம், முக்கால் தடுமாற்றம்

பாரிஸ் லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்க வரும் பெற்றோர் கையோடு கணக்கு ரியூசனும் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். காரணம் தெரிந்ததுதான். 2026 ஜூன் முதல் பிரெமியேர் முடிவில் கணிதத்துக்குத் தனிச் சோதனை, இரண்டு மணித்தியாலம், கல்குலேட்டருக்கு இடமில்லை. கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்த பிள்ளையின் தாய்தகப்பன் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: "இருபடிச் சமன்பாடு வருதில்லை, டெல்டாவை வடிவாச் சொல்லிக் குடுங்கோ."

டெல்டாவில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? நடுக் குணகத்தின் வர்க்கத்திலிருந்து, முன்னும் பின்னும் நிற்கும் எண்களின் பெருக்கத்தை நான்கு மடங்காக்கிக் கழிக்க வேண்டியதுதான். ஒரு பின்னேரத்தில் பாடமாகிவிடும். முழு எண்கள் இருக்கும்வரை பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். பின்னத்தைக் கண்டதும் பேனை நின்றுவிடுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். எக்ஸ் வர்க்கத்தின் பாதியிலிருந்து எக்ஸின் மூன்றிலொன்றையும், பிறகு ஆறிலொன்றையும் கழித்தால் பூச்சியம். பகுதி எண்கள் 2, 3, 6, பொ.ம.சி. 6. எல்லா உறுப்பையும் ஆறால் பெருக்கினால் குணகங்கள் 3, −2, −1 ஆகின்றன. டெல்டா 16, விடைகள் 1, −1/3. இவ்வளவுதான். எக்ஸ் உள்ள இரண்டு உறுப்புகளையும் பெருக்கிவிட்டுக் கடைசி ஆறிலொன்றை மறந்துவிட்டால் டெல்டா 6 ஆகிவிடும். அதற்கு நேரான வர்க்கமூலம் இல்லை. பிள்ளையோ விடாமல் இரண்டு பக்கம் எழுதும்.

பெருக்காமல் பின்னங்களோடே டெல்டாவுக்குள் இறங்கினாலும் பிழையில்லை. ஒன்பதிலொன்றோடு மூன்றிலொன்றைக் கூட்டினால் ஒன்பதில் நான்கு. வர்க்கமூலம் மூன்றில் இரண்டு. ஆனால் அந்த இடத்தில்தான் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிப் பன்னிரண்டில் இரண்டு என்று எழுதுகிறார்கள். டெல்டாவை எத்தனை தரம் ஒப்புவித்தாலும் இந்தப் பிழை போகாது.

நம் பிள்ளைகள் மட்டுமல்ல. பிரான்சு முழுவதும் சிசியேமுக்குள் நுழையும் பிள்ளைகளிடம், 0 முதல் 5 வரையான எண்கோட்டில் அரையைக் குறிக்கச் சொன்னபோது சரியாகக் குறித்தவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. முக்கால் மணித்தியாலத்தில் எத்தனை கால் மணித்தியாலம் என்ற கேள்விக்கு ஏறத்தாழ அரைவாசிப்பேர் பிழைவிட்டார்கள். 2019இல் பொதுப்பாடத்திலிருந்து கணிதத்தை எடுத்து, 2023இல் வாரம் ஒன்றரை மணித்தியாலமாகத் திருப்பித் தந்த சீர்திருத்தங்கள் எல்லாம் லீசேயோடு நின்றவை. ஓட்டை விழுந்ததோ பத்து, பதினொரு வயதில்.

கல்குலேட்டரே பின்னமாக விடை தரும்போது கையால் எதற்கு என்று கேட்கும் ஆசிரியர்களும் உண்டு. கேட்கட்டும், சோதனை மண்டபத்துக்குள் அது வராதே.

பின்னத்துக்கு முகஞ்சுளிப்பது புதிதுமல்ல. இருபடிச் சமன்பாட்டில் வர்க்கபூர்த்தி செய்ய முதற் குணகத்தால் வகுத்தால் பின்னங்கள் முளைக்கும். பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் வகுக்கவில்லை. இரு பக்கத்தையும் முதற் குணகத்தின் நான்கு மடங்கால் பெருக்கி, நடுக் குணகத்தின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கச் சொன்னார். அவருடைய இயற்கணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் விதி தப்பியது. முழு எண்களில் தொடங்கினால் வர்க்கமூலம் எடுக்கும்வரை பின்னம் தலைகாட்டாது. என்றாலும் ஸ்ரீதரர் பின்னம் தெரியாமல் அதைத் தவிர்த்தவரல்ல. பின்னக் கணக்குக்கு விதிகள் எழுதிவைத்தவர். நம் பிள்ளைகள் தவிர்ப்பது வேறு வகை.

ஆகவே ரியூசன் விசாரிப்பவர்கள் முதல் மாதம் என்ன படிப்பிப்பீர்கள் என்று கேட்கலாம். டெல்டா என்று பதில் வந்தால் அடுத்த இடம் பார்ப்பது நல்லது. புதிய சோதனையின் 20 புள்ளிகளில் 6, குறுங்கேள்விகளுக்கு. பின்னமும் சதவீதமும் அங்கேதான் வருகின்றன, டெல்டாவுக்கு அங்கே வேலை இல்லை.