பங்கு ஊரைவிட்டுப் போகலாகாது

நம் சங்கங்களில் தறியில் அமர்வோரும் ஏர் பிடிப்போரும் அங்கத்தினர்களாக இருக்கின்றனர். ஆதலின் அவ்விரு தொழில்களும் ஒரே மண்ணில் வளர்ந்த ஓர் ஆங்கில நாட்டுப்புறத்தைப் பற்றி இம்மாதம் எழுத விழைந்தோம். கிழக்கு இங்கிலாந்தில், சபோக் கவுண்டியின் தென்பகுதியில், ஸ்டௌர் ஆற்றின் வடபால் அமைந்துள்ள பேபர் மாவட்டமே அது. மாவட்டம் என்றதும் நம் ஜில்லாவை எண்ணிவிடலாகாது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 92,000 பேரே. நம் ஊராட்சி ஒன்றியத்தோடு ஒப்பிடுவதே பொருந்தும். சட்பரி, ஹாட்லி என்னும் இரு சிறு பட்டணங்கள் நீங்கலாக மற்றவை பெரும்பாலும் கோதுமையும் பார்லியும் விளையும் வயல்களும் அவற்றிடையே சிதறிக் கிடக்கும் கிராமங்களுமே.

அக்கிராமங்களுள் ஒன்றின் பெயர் கெர்ஸி. ஒரு காலத்தில் ஐரோப்பா எங்கும் விற்பனையான முரட்டுக் கம்பளித் துணிக்கும் அதுவே பெயர். ஊரிலிருந்தே துணி பெயர் பெற்றது என்பது பெரும்பாலார் கருத்து. சற்று வடக்கே உள்ள லாவன்ஹாம் என்னும் ஊர் நீலச் சாயமேற்றிய அகலத் துணிக்குப் புகழ் பெற்றது. 1524ஆம் ஆண்டு வரிக் கணக்கில் இச்சிற்றூர் இங்கிலாந்தின் செல்வப் பட்டணங்களின் முன் வரிசையில் இடம்பெற்றிருந்தது. 1523இல் இறந்த தாமஸ் ஸ்பிரிங் என்னும் துணி வணிகர், பிரபுக்கள் நீங்கலாக, நாட்டின் பெருஞ்செல்வருள் ஒருவர். ஊர்க் கோயிலின் 141 அடி உயரக் கோபுரத்திற்கு அவர் வழங்கிய பொருளை இன்றும் பேசுவர்.

செல்வம் யாருடையது என்று கேட்டால் விடை வேறாகும். கம்பளி முதலாளியுடையது, நூற்பதற்கும் நெய்வதற்கும் சாயமேற்றுவதற்கும் வீடுதோறும் கொடுத்து வாங்குபவர் அவரே, நெய்தவர் கையில் மிஞ்சுவது கூலி மட்டுமே. மாஸ்டர் வீவர்களிடம் நூல் வாங்கி நெய்த நம் அங்கத்தினர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. 1525இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் பிரான்சுப் போருக்காக ஒரு புதிய வரி கேட்கப்பட்டபோது, பணம் முழுதும் வரிக்கே போகும், இனி வேலை தர இயலாது என்று முதலாளிகள் கைவிரித்தனர். லாவன்ஹாமிலும் அண்டை ஊர்களிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் திரண்டெழுந்தனர். உங்கள் தலைவன் யார் என்று வினவிய பிரபுவிடம், வறுமையே எங்கள் தலைவன் என்ற பொருள்பட அவர்களுள் ஒருவர் மறுமொழி கூறியதாகப் பழைய வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். மன்னர் பணிந்தார், வரி கைவிடப்பட்டது. ஆயினும் தறியின் நிலை மாறவில்லை. அந்நூற்றாண்டிலேயே அயல்நாட்டு அகதிகள் கோல்செஸ்டர் முதலிய இடங்களில் நெய்த மெல்லிய புதுத் துணிகள் சந்தையைக் கவர்ந்தன. லாவன்ஹாம் நொடித்தது. இடித்துப் புதிது கட்டப் பணமில்லாமற் போனமையாலேயே அவ்வூரின் பழைய மரச்சட்ட வீடுகள் தப்பி நிற்கின்றன. உல்லாசப் பயணிகள் அவற்றைக் கண்டு மகிழ்கின்றனர்.

சட்பரியின் கதை வேறு. 1773இல் லண்டன் பட்டு நெசவாளரின் கூலியை நிர்ணயிக்கச் சட்டம் வந்தது. சட்டத்தின் கை எட்டாத இடத்தைத் தேடிய முதலாளிகள் சட்பரிக்கு வேலையை அனுப்பினர். குறைந்த கூலியின் பொருட்டு வந்த பட்டு, கூலிச் சட்டம் ரத்தான பின்னும் அங்கேயே நிலைத்துவிட்டது. தறிக்கு வெளிச்சம் வேண்டி மாடியில் அகன்ற சன்னல் வைத்த நெசவாளர் வீடுகளைப் பட்டணத்துத் தெருக்களில் இன்றும் காணலாம். 1981இல் டயானாவின் திருமண உடைக்கான பட்டும் சட்பரி ஆலையொன்றில் நெய்யப்பட்டதே.

இனி, நாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய இடத்திற்கு வருவோம். சட்பரிக்குத் தென்கிழக்கே அஸிங்டன் என்னும் சிறு கிராமம் உள்ளது. கூட்டுறவின் வரலாற்றை 1844ஆம் ஆண்டு ராக்டேல் நெசவாளர் திறந்த கடையிலிருந்து தொடங்குவதே வழக்கம். நம் பயிற்சி வகுப்புகளிலும் அவ்வாறே கற்பித்தனர். ஆனால் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே அஸிங்டனில் உழவுக் கூலிகள் கூட்டுறவுப் பண்ணை ஒன்றை நடத்தலாயினர்.

அந்த ஆண்டு 1830. கூலி குறைந்து, கதிரடிக்கும் இயந்திரங்கள் வேலையைப் பறிக்க, தென்கிழக்கு இங்கிலாந்து முழுதும் உழவுத் தொழிலாளர் வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டும் இயந்திரங்களை உடைத்தும் கலகம் செய்த காலம். அஸிங்டன் நிலக்கிழாரான ஜான் கர்டன் 60 ஏக்கர் பண்ணையைப் பதினைந்து கூலியாட்களுக்குக் கூட்டாகக் குத்தகைக்கு விட்டார். ஆளுக்கு 3 பவுன் பங்குத் தொகை கட்டினர். கர்டன் 400 பவுன் வட்டியின்றிக் கடன் கொடுத்தார். வரவு செலவைப் பாருங்கள்: அங்கத்தினரின் பங்கு மூலதனம் 45 பவுன், கடன் அதைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இன்று இப்படியொரு சங்கம் பதிவுக்கு வந்தால் நாமே ஐயத்தோடு பார்ப்போம்! ஆனால் கடன் முழுதும் திரும்பிவிட்டது. பண்ணை 130 ஏக்கராக விரிந்தது. மூன்று பவுன் பங்கு நாளடைவில் ஐம்பது பவுன் அளவுக்கு மதிப்பேறியது. 1850களில் அவ்வூரிலேயே இரண்டாவது சங்கமும் எழுந்தது.

பங்குதாரர் அனைவரும் பண்ணையிலேயே உழைக்கவில்லை. சிலருக்கு மட்டும் அங்கு வேலை. மற்றவர் வழக்கம்போல் பிறர் வயல்களில் கூலிக்குச் சென்று, ஆண்டு முடிவில் இலாபத்தில் பங்கு பெற்றனர். நம்மைக் கவர்ந்தது அவர்களது ஒரு விதி. பங்கு வைத்திருப்பவர் அஸிங்டனிலேயே குடியிருக்க வேண்டும். ஊரைவிட்டு நீங்கினால் பங்கை விற்றுவிட வேண்டும். நெசவாளர் ஊர்களில் முதலும் நூலும் எவர் கையிலோ இருந்ததைக் கண்ட மண்ணில் இவ்விதி பிறந்தது என்பதை மறத்தலாகாது. இதற்கு விலையும் உண்டு: வெளிப்பணம் உள்ளே வாராது, பங்கை வாங்குவோர் சிலரே. 1870களுக்குப் பின் அமெரிக்கத் தானியம் மலிவாக வந்திறங்கி ஆங்கில உழவைச் சாய்த்த காலம் சிறு பண்ணைகளுக்கெல்லாம் கொடிய சோதனையாயிற்று. அஸிங்டன் சங்கங்கள் இன்று இல்லை. எனினும் ஏழைக் கூலிகளால் பண்ணை நடத்த இயலாது என்றவர்களுக்கு அவை பல ஆண்டுகள் விடையாக நின்றன.

இதே கேள்வி, அதாவது நிர்வாகம் எவ்வளவு அருகில் இருத்தல் வேண்டும் என்பது, பேபர் மாவட்ட மன்றத்தையும் விட்டபாடில்லை. 1974இல் சட்பரி, ஹாட்லி பட்டணங்களையும் மெல்பர்ட், காஸ்ஃபர்ட், சாம்ஃபர்ட் ஆகிய மூன்று நாட்டுப்புற வட்டங்களையும் இணைத்து இம்மன்றம் அமைக்கப்பட்டது. பள்ளியும் சாலையும் கவுண்டி மன்றத்தின் பொறுப்பு. வீட்டு வசதி, கட்டட அனுமதி, குப்பை அகற்றல் ஆகியன மாவட்டத்தின் பொறுப்பு. 2011இல் வடக்கே உள்ள மத்திய சபோக் மாவட்டத்தோடு முற்றிலும் இணையலாமா என்று இரு மாவட்ட மக்களிடமும் வாக்குக் கேட்டனர். அங்கே உடன்பட்டனர், பேபர் மக்கள் மறுத்தனர். மன்றங்கள் தனித்து நின்றன. அலுவலர்களோ இரண்டுக்கும் பொதுவாயினர். 2017இல் தலைமை அலுவலகம் ஹாட்லியைவிட்டு, மாவட்ட எல்லைக்கே வெளியேயுள்ள இப்ஸ்விச் நகருக்குப் போய்விட்டது. சட்பரிக்காரருக்கு அது இருபது மைலுக்கு மேற்பட்ட பயணம்.

சிறு சங்கங்களை இணைக்கும் கோப்புகளை நாமும் பார்த்திருக்கிறோம். வாடகை குறைந்ததும் சம்பளம் குறைந்ததும் சிக்கனக் கணக்கில் உடனே ஏறிவிடும். அங்கத்தினர் கொடுக்கும் பஸ் கட்டணம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசாங்கம் மாவட்டம், கவுண்டி என்னும் இரண்டடுக்கை நீக்கி ஒரே அடுக்கு மன்றங்களை அமைக்கும் கருத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, சபோக் முழுமைக்கும் ஒரே மன்றம் போதுமென்று கவுண்டி மன்றம் வாதிட்டது. மூன்று வேண்டுமென்று மாவட்ட மன்றங்கள் வாதிட்டன. எவ்வாறாயினும் பேபர் என்னும் அளவில் ஒரு மன்றம் எவர் திட்டத்திலும் இல்லை.

ஹாட்லியில் மாவட்ட மன்றம் விட்டுச் சென்ற அலுவலகத்தைக் குடியிருப்புகளாக மாற்ற முற்பட்டனர். அதே பட்டணத்தில் ஒரு பழைய சங்க மண்டபம் உண்டு. 1438இல் நிலக்கிழார் ஒருவர் சந்தை நிலத்தை ஊர்ப் பெரியோர் குழுவிடம் ஒப்படைத்தார். அதன்வழி வந்த அறநிலையத்திடமே அம்மண்டபம் இன்றும் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் வழியில், மரச்சட்டங்களோடு நிற்கிறது.