வண்டி துடைக்கும் துணியை எப்படித் துவைப்பது?



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் கார், வளப்பூர் நாட்டை அடைவதற்குள் புழுதியையோ சேற்றையோ பூசிக்கொண்டுவிடும். அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கையையும் பார்க்க வருகிறவர் அந்த வண்டியைக் கழுவக் கொடுத்தால், அது ஓர் இளைஞரின் அன்றைய ரிஸ்க்.

அப்படி வேலை செய்யும் தம்பி ஒருவர் அண்மையில் மனம் நொந்து வந்தார். கறுப்பு கார் ஒன்றைக் கழுவித் துடைத்திருக்கிறார். வெயிலில் பார்த்தால் பானெட் முழுவதும் சிலந்தி வலை போலக் கீறல். உரிமையாளர் கூலி தரவில்லை. பாலிஷ் போடும் செலவையும் கேட்டிருக்கிறார். தம்பி வாங்கியது நல்ல மைக்ரோஃபைபர் துணிதான். ஆனால் சக்கரம் துடைத்த பனியன் வேஸ்டோடு அதையும் ஒரே வாளியில் ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, அடுப்புக்கு மேலே கொடியில் உலர்த்தியிருக்கிறார். நம் கையில் இருக்கும்வரை அடுத்தவர் வண்டி ஓர் அமானத் அல்லவா? உரிமையாளர்மீது குறை சொல்ல முடியவில்லை.

இந்தத் துணி பருத்தி அல்ல. பாலியஸ்டரும் நைலானும் கலந்தது. அட்டையில் 80/20, 70/30 என்று போட்டிருப்பது அந்தக் கலவைதான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள். நல்ல துணியில் ஒவ்வோர் இழையும் மேலும் பிளந்திருக்கும். அந்த இடுக்குகள்தாம் தண்ணீரை உறிஞ்சிப் புழுதியைப் பிடித்துக்கொள்கின்றன. துவைக்கும்போது அந்தப் புழுதி வெளியே வராவிட்டால், அடுத்த வண்டியில் நாம் தேய்ப்பது துணியை அல்ல, உப்புத்தாளை.

ஆகவே முதலில் தரம் பிரியுங்கள். கண்ணாடிக்கு ஒன்று, பெயிண்டுக்கு ஒன்று, சக்கரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் வேறொன்று. நிறம் மாற்றி வாங்கினால் குழப்பம் வராது. துவைக்கும் வாளியும் தனித்தனியாக இருக்கட்டும். பருத்தித் துணியோடு சேர்த்தால் அதன் பஞ்சு ஒட்டிக்கொண்டு கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

மண்ணை முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் லிக்விட் சோப்பு கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தூள் சோப்பு சரியாகக் கரையாவிட்டால் துகள் இழைக்குள் தங்கிவிடும். வாக்ஸ் பட்ட துணியை அன்றைக்கே ஊறப்போட வேண்டும். காய்ந்துவிட்டால் போவது கடினம். கையால் கசக்கினால் போதும், கல்லில் அடிக்கவோ பிரஷ் போடவோ வேண்டாம். பிளீச்சிங் பவுடர் இழையைக் கெடுக்கும். கம்ஃபர்ட் போன்றவையும் கூடாது: வாசனை வரும், ஆனால் இழைமேல் ஒரு பூச்சு படிந்து தண்ணீரை உறிஞ்சாது. "புதுத் துணி, ஆனாலும் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறது" என்று சொல்கிறவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

நுரை நிற்கும்வரை வாளியில் அலசுங்கள். குழாயைத் திறந்துவிட்டு அலசுவது இஸ்ராஃப். கழிவு நீரை ஓடையில் கொட்டாதீர்கள். அதில் சோப்போடு உதிர்ந்த பிளாஸ்டிக் இழைகளும் இருக்கின்றன, அவை மக்காது. இங்குள்ள ஓடை நீர் அய்யாற்றில் சேர்ந்தால் அருவி வழியாகக் கீழே உள்ள ஊர்களுக்குத்தான் போகும். ஓடையை விட்டுத் தள்ளிக் குழி வெட்டி ஊற்றலாம்.

மலையில் கடினமான வேலை உலர்த்துவதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனியும் சாரலுமாக இருக்கும்போது அடுப்படிதான் எல்லோருக்கும் நினைவு வரும். அங்கே புகைக்கரி படியும். அனலுக்கு மிக அருகில் போனால் இழை நுனி உருகிக் கெட்டியாகும். இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான். சாலைப் புழுதி படாத தாழ்வாரத்தில், காற்றோட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தொங்கவிடுங்கள். முழுவதும் உலராமல் மடித்தால் பூஞ்சை வாடை வரும். உலர்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

வேலை தொடங்கும் முன் துணியைப் புறங்கையில் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது இனி சக்கரத்துக்கு. துடைக்கும்போது தரையில் விழுந்ததும் அப்படியே. உதறிவிட்டு மறுபடி பெயிண்டில் வைக்காதீர்கள்.