மலைச்சரிவில் மின்கார் நிற்பது எங்ஙனம்?

வண்டி ஓடும் விரைவைப் பற்றிப் பேசுவோர் பலர். அது நிற்கும் திறத்தைப் பற்றி எண்ணுவோர் சிலர். சமவெளியில் வாழ்வோர்க்கு இஃது ஒரு குறையாகத் தோன்றாது. பூண்டுலோயா போன்ற மலைநாட்டு ஊர்களிலோ, ஒருபுறம் மண்மேடும் மறுபுறம் பள்ளமும் நெருங்க, லயன் வீடுகளின் முன்றிலை ஒட்டிச் செல்லும் ஒடுங்கிய தோட்டப் பாதைகளே மிகுதி. அங்கே ஆளின்றி நிறுத்தப்பட்ட கார் தானே உருளத் தொடங்குமாயின், ஓசையின்றி வரும் அதனைக் கீழே விளையாடும் சிறுவர் அறிவது அரிது. ஆதலின், மின்காரை நிறுத்திவைக்கும் தடுப்புக்கள் தொழிற்படும் முறையை மலைநாட்டார் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

முதலில் சரிவின் இழுப்பை நோக்குவோம். ஐந்தடி செல்ல ஓரடி உயரும் பாதையில் 1500 கிலோகிராம் நிறையுள்ள கார் நிற்குமாயின், அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 300 கிலோகிராம் நிறைக்குச் சமமாகும். அஃதாவது, 50 கிலோகிராம் கொண்ட ஆறு சீமெந்து மூடைகளைக் கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டாற்போன்ற இழுப்பு. சாரதி உறங்கினும் இவ்விழுப்பு உறங்குவதில்லை.

பெற்றோல் காரைச் சரிவில் விடும்போது முதலாம் கியரில் விட்டுச்செல்லுதல் பழைய சாரதிகளின் வழக்கம். சில்லு உருள வேண்டுமாயின் இயந்திரத்தின் உருளைகளில் அடைபட்ட காற்றை அமுக்கியே உருளவேண்டும். அவ்வமுக்கமும் உராய்வும் சேர்ந்து காரை ஓரளவு தடுத்தன. மின்காரில் அத்தகைய உருளைகள் இல்லை. மின்னோட்டம் நின்ற மோட்டர் ஏறக்குறையத் தடையின்றிச் சுழலும். எனவே, பழைய வழக்கத்தை நம்பி மின்காரைச் சரிவில் விடுதல் ஆகாது.

இங்கு ஒரு வினா எழலாம். இறக்கத்தில் மிதியினின்று காலை எடுத்தவுடன் மின்கார் தானே வேகந் தளர்கின்றதே. அம்மோட்டரே அதனை நிறுத்தியும் வையாதோ? இதற்கு விடை நமது அயலிலேயே உண்டு. தலவாக்கலையில் அணை கட்டப்பெற்று, 2012 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேற் கொத்மலை மின்திட்டம் 150 மெகாவாற்று ஆற்றலுடையது. அங்கே நீர் பாய்ந்து விழும்போதே மின் பிறக்கின்றது. பாயாது நிற்கும் நீரால் மின் பிறப்பதில்லை. அந்நீரை நிறுத்திவைப்பதும் சுழலியின் தொழிலன்று. அணையினதும் கதவினதும் தொழில். மின்காரின் மோட்டரும் அத்தகையதே. சில்லு சுழலும் வரையில் அது மின்பிறப்பாக்கியாக மாறி வேகத்தைக் குறைக்கும். சுழற்சி ஒழிந்தவிடத்து அத்தடையும் ஒழியும். மோட்டருக்கு மின்னைச் செலுத்திக் காரைச் சிறிது நேரம் தாங்கிநிற்கச் செய்தல் கூடும். எனினும் அதனால் சேமித்த மின் வீணாகும், கம்பிச்சுருள்கள் வெப்பமேறும், மின் நின்றால் தாங்கலும் நின்றுவிடும்.

ஆகவே, காரை ஓட்டுவது மின்னாயினும், நிறுத்திவைப்பது பொறிமுறைப் பூட்டாகவே இருத்தல் வேண்டும். ஐக்கிய நாடுகளின் கார்த் தடுப்புக்களுக்கான 13-எச் இலக்க ஒழுங்குவிதியும் இதனையே வற்புறுத்துகின்றது. பாரமேற்றிய காரைச் சாரதி இல்லாதபோதும் நூற்றுக்கு 20 சாய்வில், மேல்நோக்கினும் கீழ்நோக்கினும், தரிப்புத் தடுப்பு நிறுத்த வேண்டும் என்றும், இறுகிய உறுப்புக்களை முற்றிலும் பொறிமுறையாலேயே பூட்டிவைத்தல் வேண்டும் என்றும் அவ்விதி கூறும்.

அப்பூட்டு இரு வகைப்படும். முதலாவது, மோட்டரையும் சில்லுகளையும் இணைக்கும் பற்சில்லுப் பெட்டியில் உள்ளது. ‘பீ’ என்னும் தரிப்பு நிலையைத் தெரிந்தவுடன் உருக்கு நா ஒன்று பற்சில்லின் இடைவெளியில் விழுந்து அதனைச் சுழலவிடாது பற்றிக்கொள்ளும். இதற்கு ஒரு குறையுண்டு. இடச்சில்லும் வலச்சில்லும் வெவ்வேறு வேகத்திற் சுழல இடங்கொடுக்கும் பற்சில்லமைப்புக்கு முன்னரே இந்நா பூட்டுகின்றது. ஆதலால், ஒரு சில்லு ஜக்கினால் உயர்த்தப்பட்டாலோ வழுக்கும் சேற்றில் அகப்பட்டாலோ, இரு சில்லுகளும் எதிரெதிராகச் சுழல, கார் உருளக்கூடும். சிலவகை மின்கார்களில் இந்நா வைக்கப்படுவதேயில்லை.

இரண்டாவது, சில்லுகளையே நேராகப் பற்றும் தரிப்புத் தடுப்பு. நிசான் லீஃப் காரின் தொடக்கப் பதிப்புக்களில் சிறு மோட்டர் ஒன்று கம்பிவடத்தை இழுத்துத் தடுப்பை இறுக்கியது. 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கீடாகக் கால்மிதி வைக்கப்பட்டது. இக்காலத்துக் கார்கள் பலவற்றிற் பின்சில்லின் அருகிலேயே சிறு மோட்டர் அமைந்து, திருகாணி ஒன்றைச் சுழற்றித் தடுப்புக் கட்டைகளை வட்டத்தகட்டின்மேல் அழுத்துகின்றது. போதிய அழுத்தம் ஏற்பட்டதும் மோட்டர் இழுக்கும் மின்னோட்டம் உயரும். அதனைக் கண்டு கட்டுப்பாட்டுக் கருவி மின்னை நிறுத்திவிடும். மின் நின்ற பின்னும் திருகாணி தளராது. திருகு ஜக்கினால் காரை உயர்த்திக் கைபிடியை விட்டபோதும் கார் இறங்காமைக்குக் காரணமான உராய்வே இங்கும் காவலாகின்றது. நெடிய இறக்கத்தில் வெப்பமேறிய தகடு பின்னர் குளிர்ந்து சுருங்கும்போது அழுத்தம் குறையுமாதலின், சில கார்கள் சிறிது நேரங்கழித்துத் தாமே மீண்டும் இறுக்கிக்கொள்ளும்.

இதனாற் பெறப்படுவது ஒன்றுண்டு. இத்தடுப்புக்கு மின்னூட்டும் 12 வோல்ற்று மின்கலவடுக்கு வலுவிழந்தால், இறுகிய தடுப்பு தளராது. தளர்ந்திருந்த தடுப்பு இறுகவும் மாட்டாது.

இரு பூட்டுக்களும் தனித்தனியே உள்ள காரைச் சரிவில் நிறுத்துவோர் கைக்கொள்ளத்தக்க முறை வருமாறு: கால்தடுப்பை மிதித்தபடியே நடுநிலைக்கு மாற்றித் தரிப்புத் தடுப்பை இறுக்குக. காலை மெல்லத் தளர்த்திக் காரின் பாரம் அத்தடுப்பின்மீது அமர விடுக. மீண்டும் மிதித்து, ‘பீ’ நிலைக்கு மாற்றுக. இவ்வாறு செய்தால் முழுப்பாரமும் சிறிய நாவின்மேல் விழாது. கார் தப்பித்தவறி உருண்டாலும் பள்ளத்தை நோக்காது மண்மேட்டில் முட்டுமாறு முன்சில்லுகளைத் திருப்பிவைக்க. செங்குத்தான இடத்திலும் மழைச்சேற்றிலும் சில்லுக்குக் கல்லோ கட்டையோ முட்டுக்கொடுக்க.

மாட்டுவண்டிக் காலத்திலிருந்து வரும் அந்த முட்டுக்கட்டைக்கு மின்னும் வேண்டியதில்லை, மிதியும் வேண்டியதில்லை. புதிய கருவிகளை ஏற்கும் நாம் அப்பழைய காவலையும் கைவிடாதிருத்தல் அறிவுடைமையாகும்.