கமிஷன் போன பிறகும் கழியும் காசு

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துத் தொலைவுக்குள், ஊர்ப் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் சரக்குகள் பல உண்டு. உடன்குடிக் கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன், திருநெல்வேலி அல்வா, பத்தமடைப் பாய், ஆத்தூர் வெற்றிலை. இவற்றில் பத்தமடைப் பாய், ஆத்தூர் வெற்றிலை, உடன்குடிக் கருப்பட்டி மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. முன்பெல்லாம் திருச்செந்தூருக்கோ நவதிருப்பதிக்கோ வந்தவர்கள் பையில் போட்டுக்கொண்டு போனால்தான் இந்தச் சரக்கு வெளியூரைப் பார்க்கும். இப்போது வீட்டுத் திண்ணையில் ஒரு எடை மெஷினும், பேக்கிங் டேப்பும், செல்போனும் இருந்தால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆர்டர் வருகிறது.

ஆர்டர் வருவது சரி. விற்ற விலைக்கும் வங்கிக் கணக்கில் ஏறும் தொகைக்கும் இடையில் எவ்வளவு கழிகிறது, மீதி எத்தனை நாள் கழித்து வருகிறது என்பதுதான் வீட்டிலிருந்து விற்பவர்களைக் குழப்பும் கணக்கு. கொஞ்சம் பிடிபடுவதற்குள் அந்தக் கணக்கே மாறிவிடுகிறது.

தாமிரபரணிக் கரையின் வாழை விவசாயிக்கு இப்படிப்பட்ட கழிவு புதிதல்ல. தாரை மண்டிக்கு அனுப்பினால் சிட்டை வரும். ஏலம் போன விலை, அதில் கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை, எல்லாம் போக மிச்சம். கணக்கு இடித்தால் மண்டிக்காரரிடம் நேரில் போய் நான்கு வார்த்தை பேசலாம். இணையச் சந்தையும் சிட்டை தருகிறது. அதன் பெயர் செட்டில்மென்ட் ரிப்போர்ட். வரிகள் அதிகம், எதிரே நின்று பதில் சொல்ல ஆள் இல்லை.

நான்கு கழிவுகள்

அமேசான் போன்ற தளத்தில் விற்பவரிடம் பிடிக்கப்படும் கட்டணங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, பொருளின் வகையைப் பொறுத்துச் சதவீதத்தில் வரும் கமிஷன். இரண்டாவது, ஒவ்வொரு விற்பனைக்கும் இவ்வளவு என்று விலை வரம்பைப் பொறுத்து வரும் நிலையான கட்டணம். மூன்றாவது, எடையையும் தூரத்தையும் பொறுத்து வரும் அனுப்புகூலி. இந்த மூன்றின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறுவது நான்காவது கழிவு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் அந்த வரியைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கு அது போனது போனதுதான்.

செய்தித்தாள் தலைப்பில் வருவது பெரும்பாலும் முதல் கழிவு மட்டும்தான். அமேசான் இந்தியா 2025 ஏப்ரல் 7 முதல் 300 ரூபாய்க்குக் குறைவான விலையுள்ள பொருட்களுக்கு, 135 வகைகளில், கமிஷனை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் பிளிப்கார்ட் 1,000 ரூபாய்க்குக் குறைவான பொருட்களுக்குக் கமிஷன் இல்லை என்று அறிவித்தது. இருவருக்கும் முன்பே, 2021-லேயே, மீஷோ கமிஷனைக் கைவிட்டிருந்தது. சின்ன ஊர்களின் சிறு விற்பனையாளர்கள் அங்கே குவிந்ததைப் பார்த்துதான் பெரியவர்கள் இருவரும் இறங்கிவந்தார்கள் என்று சொன்னால் தவறாகாது.

இதில் விற்பவர் கையில் எவ்வளவு நிற்கும்? அனுமான எண்களை வைத்தே ஒரு கணக்கு போடலாம். அரைக் கிலோ கருப்பட்டியை ஒருவர் 280 ரூபாய்க்கு விற்கிறார். நிலையான கட்டணம் 25 ரூபாய், அனுப்புகூலி 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 112 ரூபாய் 10 காசு. முன்பு 8 சதவீதக் கமிஷன் இருந்திருந்தால் வரியோடு இன்னொரு 26 ரூபாய் 43 காசு போயிருக்கும். இப்போது அது மிச்சம். ஆனால் 112 ரூபாய் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்து எடை. தளங்கள் அனுப்புகூலியை 500 கிராம் படிகளாக வைப்பது வழக்கம். அரைக் கிலோ கருப்பட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து, ஈரம் தாக்காமல் உறை போட்டால் பார்சல் 560, 580 கிராமுக்கு வந்துவிடும். அரைக் கிலோச் சரக்கு அரைக் கிலோப் படிக்குள் அடங்காது. அடுத்த படிக்கு 25 ரூபாய் கூடுதல் என்றால் வரியோடு 29 ரூபாய் 50 காசு. கமிஷன் நீங்கியதில் மிஞ்சிய 26 ரூபாயை அட்டைப்பெட்டி விழுங்கிவிடுகிறது. ஆன்லைனில் 400, 450 கிராம் பொட்டலங்கள் நிறைய தென்படுவதற்கு இந்தப் படிக் கணக்கும் ஒரு காரணம்.

மக்ரூனுக்கு வேறு சிக்கல். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, முந்திரியும் சர்க்கரையும் சேர்த்துச் சுடும் அந்தப் பண்டம் பஞ்சு போல எடையே இருக்காது, இடத்தை மட்டும் அடைக்கும். கூரியர்க்காரர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து ஒரு கன எடை போடுகிறார்கள். உண்மை எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. 20க்கு 15க்கு 12 சென்டிமீட்டர் பெட்டி ஒன்றின் கன எடை 720 கிராம். உள்ளே இருப்பது கால் கிலோ மக்ரூன்தான் என்றாலும் ஒரு கிலோப் படியில் காசு போகும்.

விட்டதை எங்கே பிடிப்பது

விற்பவரிடம் கட்டணம் வாங்காத சந்தை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விவசாயியிடம் தரகு கிடையாது. ஒரு சதவீதச் சந்தைக் கட்டணம் வாங்கும் வியாபாரி தருவது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையிலும் விவசாயிக்குக் கடை வாடகை இல்லை. செலவை அரசு ஏற்றது. யாரிடமும் வாங்காமல் சந்தை நடக்காது, யாரிடம் வாங்குவது என்பதுதான் மாறும். தனியார் தளங்களும் அந்த வழியில்தான் போகின்றன.

இதை அப்பட்டமாகக் காட்டியது பிரிட்டனில் ஈபே செய்த மாற்றம். வீட்டிலிருக்கும் பழைய பொருட்களை விற்கும் தனிநபர்களுக்கு 2024 அக்டோபரில் விற்பனைக் கட்டணத்தையே அது எடுத்துவிட்டது. ஜெர்மனியில் அதற்கு முந்தைய ஆண்டே அப்படிச் செய்திருந்தது. ஆனால் 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகை வசூலிக்கத் தொடங்கியது. விலைப்பட்டியலில் அந்தத் தொகையும் சேர்ந்தே தெரிவதால், விற்பவர் வைத்த விலையைவிடக் கூடுதலாகப் பொருள் காட்சி தரும். கூடவே இன்னொரு மாற்றமும் வந்தது. பொருள் வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விற்பவருக்குப் பணம். பணம் வந்ததும் பார்சல் போட்டுப் பழகிய பழைய விற்பனையாளர்களுக்குக் கட்டணம் நீங்கிய மகிழ்ச்சியை இந்தக் காத்திருப்பு பாதியாகக் குறைத்தது.

இந்தியாவில் வாங்குபவர் கட்டணம் முதலில் உணவு டெலிவரியில் வந்தது. 2023-ல் ஸ்விக்கியும் ஜொமேட்டோவும் ஆர்டருக்கு 2 ரூபாய் என்று தொடங்கிய பிளாட்ஃபார்ம் கட்டணம் 2025-ல் பத்து ரூபாயைத் தாண்டிவிட்டது. அதற்காக ஓட்டல்களின் கமிஷன் குறையவில்லை. கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் 2025 ஜூலை 1 முதல் இரண்டு செயலிகளுக்கும் உணவு தருவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். கைவினைப் பொருட்களுக்கான எட்சி தளத்தில் 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணம் 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தபோது, ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் தங்கள் இணையக் கடைகளைச் சாத்தி வைத்தார்கள். கட்டணம் குறையவில்லை.

கமிஷன் வாங்காத தளத்துக்கு வருமானம் தருவது அனுப்புகூலியும் விளம்பரமும். தேடினால் முதல் பக்கத்தில் தெரிய வேண்டுமென்றால் காசு கட்டு என்பது கட்டணப் பட்டியலில் கட்டாயம் என்று எழுதப்பட்டிருக்காது. ஆனால் அதே கருப்பட்டியை நூறு பேர் பட்டியலிட்டிருக்கும் இடத்தில், விளம்பரம் செய்யாதவர் மூன்றாம் பக்கத்தில் கிடப்பார்.

பணம் வரும் நாள்

கருப்பட்டித் தொழிலில் காசு எப்போது வருகிறது என்பது எவ்வளவு வருகிறது என்பதற்குச் சமமான கேள்வி. பதநீர் இறங்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில்தான் சரக்கு வாங்கிச் சேர்க்க வேண்டும். பனையேறிக்கு முன்பணம் கொடுப்பது இந்தத் தொழிலின் நெடுநாள் வழக்கம். விற்ற காசு பத்து நாள் தள்ளி வந்தால், அந்த இடைவெளியை வட்டிக்கு வாங்கித்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

தளங்களில் நாள் எண்ணத் தொடங்குவது ஆர்டர் வந்த அன்றல்ல, பொருள் சேர்ந்த அன்று. அதற்கு மேல் ஏழு நாள் என்பது பரவலான வழக்கம். புதிய விற்பனையாளருக்கு இன்னும் கூடலாம். ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வெளியிட்ட பேமென்ட் அக்ரிகேட்டர் விதிகள், அதாவது இடையில் நின்று பணம் வாங்கித் தரும் நிறுவனங்களுக்கான விதிகள், வாங்குபவரின் பணம் எஸ்க்ரோ எனப்படும் தனிப் பொறுப்புக் கணக்கில் இருக்க வேண்டும் என்றன. ஒப்பந்தத்தில் இருந்தால் திருப்பி அனுப்பும் காலம் முடியும்வரை பணத்தை வைத்திருக்கலாம், முடிந்த மறுநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லின. அதனால் ஒரு தளம் ரிட்டர்ன் காலத்தை நீட்டினால் விற்பவரின் பணமும் தள்ளிப்போக இடமுண்டு. கட்டண அறிவிப்புப் பக்கத்தில் அது வராது.

பொருள் சேரும் நாளோ விற்பவர் கையில் இல்லை. 2023 டிசம்பர் 17 அன்று தொடங்கிய பெருமழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், சாலைகளும் துண்டிக்கப்பட்டன. மனிதர்களே வெளியேற முடியாத நாட்களில் பார்சல் எங்கே போகும்? பொருள் சேராதவரை பணம் வரும் நாள் எண்ணப்படவே தொடங்காது.

வெளிநாட்டுத் தளங்களில் விற்பவர்களுக்கு வேறு விதமான அதிர்ச்சிகள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது எட்சி விற்பனையாளர்கள் சிலருக்குப் பணம் தாமதமானது. அதே ஆண்டின் நடுவில் விற்பனைத் தொகையில் 75 சதவீதம் வரை 45 நாட்கள் பிடித்து வைப்பதாகப் பல சிறு விற்பனையாளர்கள் புகார் சொன்னார்கள்.

வரியில் கிடைத்த மூச்சு

அண்மை ஆண்டுகளில் சிறு விற்பனையாளருக்குச் சத்தமில்லாமல் நன்மை செய்தவை வரி மாற்றங்கள். தளங்கள் விற்பனைத் தொகையிலிருந்து இரண்டு பிடித்தங்கள் செய்கின்றன. ஜிஎஸ்டிக்காகப் பிடிப்பது 1 சதவீதமாக இருந்து 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதமானது. வருமான வரிக்காகப் பிடிப்பது 1 சதவீதத்திலிருந்து 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதமானது. மாதம் 2 லட்சம் ரூபாய்க்கு விற்பவரிடம் முன்பு தோராயமாக 4,000 ரூபாய் முடங்கும், இப்போது 1,200. இது செலவல்ல, கணக்குத் தாக்கல் செய்து வரவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை கையில் இல்லாத காசு. ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாத தனிநபர் பான் அல்லது ஆதார் எண்ணைத் தளத்திடம் கொடுத்திருந்தால் வருமான வரிப் பிடித்தமே கிடையாது. கொடுக்காதவருக்கு 5 சதவீதம்.

இன்னொரு மாற்றம் 2023 அக்டோபர் 1-ல் வந்தது. அதுவரை இணையத் தளம் வழியே பொருள் விற்பவர் ஆயிரம் ரூபாய்க்கு விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இப்போது தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை விற்பவர் பதிவு இல்லாமல், ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கி விற்கலாம். ஜிஎஸ்டிப் பிடித்தமும் அவருக்கு இல்லை. நிபந்தனை, மாநிலத்துக்குள் மட்டுமே விற்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி சென்னைக்குப் போகலாம், பெங்களூருக்குப் போக முடியாது. நம்மூர்க்காரர்கள் நிறைந்த பெங்களூரையும் மும்பையையும் விட்டுவிட மனமில்லாதவர்கள் பதிவு எடுத்துக்கொண்டு மாதக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

கட்டணத்தை மாற்றும்போது எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை 12 முதல் நடப்பிலுள்ள சட்டம், தளம் தன் நிபந்தனைகளை மாற்ற விரும்பினால் வணிகருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. இந்தியாவில் அதே மாதம் வெளியான மின்வணிக விதிகள் நுகர்வோரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. விற்பவருக்கு இத்தனை நாள் என்று அவற்றில் எண் இல்லை.

ஆகவே பலர் இரட்டை வழியில் போகிறார்கள். தெரிந்த வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர், யுபிஐயில் பணம். கமிஷன் இல்லை, காசு அந்த நிமிடமே வந்துவிடும். தெரியாத ஊரின் புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க மட்டும் தளம். பார்சலுக்குள் தன் செல்போன் எண்ணை அச்சிட்டு வைத்து வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுப்பதை அமேசான் போன்ற தளங்களின் விதிகள் தடுக்கின்றன. வாடிக்கையாளர் யாருடையவர் என்ற வழக்கு அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

தளத்தில் தொடர்பவர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை மாதம் ஒருமுறை இறக்கி, தளம் பதிந்த எடையைத் தன் எடையோடு ஒப்பிட வேண்டும். எடை தவறென்றால் முறையிடுவதற்குத் தளங்கள் குறுகிய கெடுதான் வைத்திருக்கின்றன. பார்சலை மெஷின் மேல் வைத்து, முள் தெரிய எடுத்த படமும், பெட்டியின் நீள அகலம் தெரிய டேப்போடு எடுத்த படமும் இருந்தால் முறையீடு நிற்கும்.