பெயரில்லாத பரிசல்காரர்கள்

கொள்ளைக்காரனின் பெயரும் அவனைத் துரத்திய தளபதியின் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. படைகளை அக்கரை சேர்த்தவர்களின் பெயர் மட்டும் இல்லை.

1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டதும், அங்கு சிறையிலிருந்த தோண்டியா வாக் தப்பினார். ஆயிரக்கணக்கில் குதிரை வீரர்களைத் திரட்டி, 'இரு உலகங்களின் அரசன்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு மைசூரின் வட எல்லையைக் கலக்கினார். விரட்டிச் சென்றவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் நெப்போலியனை வாட்டர்லூவில் வீழ்த்திய வெலிங்டன். 1800 செப்டம்பர் 10-ல் தோண்டியாவின் கதை முடிந்தது.

1803-ல் மராட்டியருடன் போர். பெருகி ஓடும் ஆறுகள் எதிரியின் குதிரைப் படைக்குத் தடை. பரிசல் வைத்திருப்பவனுக்கு அதுவே சாதகம் என்று கணக்குப் போட்ட வெல்லெஸ்லி, மழைக்கு முன்பே பரிசல்களைத் தயார் செய்யச் சொன்னார்.

மூங்கில் பின்னல், மேலே தோல், ஒற்றைத் துடுப்பு. முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. தட்டை அடி என்பதால் பாறைகளுக்கிடையே ஆழமில்லாத நீரிலும் வழுக்கிச் செல்லும். சுழலைப் படிக்கத் தெரிந்த கைதான் அதற்குத் திசை.

தோலின் இடத்தை இன்று பிளாஸ்டிக்கும் தாரும் பிடித்துவிட்டன. படைகளுக்குப் பதில் சுற்றுலாப் பயணிகள். மைசூரை அடுத்த தலக்காட்டிலிருந்து ஒகேனக்கல் வரை காவிரியில் பரிசல் சுற்றுகிறது. ஆனால் கணக்கு தலைகீழ். அன்று வெள்ளம் வந்தால் பரிசல்காரருக்கு அழைப்பு வரும். இன்று ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை வருகிறது. அடுப்பு எரிவது ஆறு வடிந்த பிறகுதான்.