சம்பள ஓட்டுநரா, சொந்த வண்டியா? கணக்குப் பார்த்து முடிவு செய்வீர்!

மானாவாரி நிலத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாத நிலையில், சிறு விவசாயிகளின் பிள்ளைகள் பலர் சரக்கு வண்டி ஓட்டும் தொழிலை நாடுகின்றனர். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களில் லாரித் தொழில் வேரூன்றியதும் வறண்ட பூமியில்தான். சில ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டியபின், கடன் வாங்கிச் சொந்த வண்டி எடுக்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பு. நிலத்தையே பாதிக்கக்கூடிய முடிவு இது என்பதால் நன்கு ஆராய்வது அவசியம்.

சம்பள வேலை

சம்பள ஓட்டுநருக்கு மாதச் சம்பளமும், நடைக்கு நடை பேட்டாவும் உண்டு. டயர் வெடித்தாலும், சரக்கு கிடைக்காவிட்டாலும் நட்டம் உரிமையாளருடையது. பணியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பும் அவருடையதே. 1923-லேயே இதற்கெனச் சட்டம் வந்தது. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனமாயின் வருங்கால வைப்பு நிதியும் சேரும். ஒற்றை லாரி வைத்திருப்பவரிடம் இவ்வசதி பெரும்பாலும் இராது. எங்கு பணிபுரிந்தாலும் சம்பளத்தை வங்கிக் கணக்கில் பெறுவது நலம். பின்னாளில் வேலைக்கு அதுவே சான்று.

சொந்த வண்டி

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 7 லட்ச ரூபாய் மதிப்புள்ள சிறிய சரக்கு வண்டிக்கு 1 லட்சம் கைப்பணம். மீதி 6 லட்சம் கடன். 12 சதவீத வட்டியில் 48 மாதத் தவணை சுமார் 15,800 ரூபாய். காப்பீடு, வரி, தகுதிச் சான்றுக்கு மாதம் 4,000, டயர், பழுதுபார்ப்புக்கு 5,000 ஒதுக்க வேண்டும். ஆக, வண்டி ஓடினாலும் நின்றாலும் 24,800 ரூபாய் செலவு.

ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறிச் சந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு நடை, வாடகை 3,000 ரூபாய் எனக் கொள்வோம். டீசல் 760, சுங்கம் மற்றும் சில்லறைச் செலவு 200 போக 2,040 நிற்கும். மாதம் 20 நடை கிடைத்தால் கையில் மிஞ்சுவது 16,000. நடை 14 ஆகக் குறைந்தால் 3,760 மட்டுமே! பிறரிடம் 18,000 சம்பளம் பெறும் ஓட்டுநர், அதே தொகையைச் சொந்த வண்டியில் ஈட்ட 21 நடை வேண்டும். தவணை முடிந்தபின் வருவாய் உயரும். எனினும் பழுதுச் செலவும் கூடும்.

விதைப்பு, அறுவடை நாட்களில் வயலுக்குச் சென்றால் வண்டி நிற்கும், தவணை நிற்காது.

விபத்துக் காப்பு

தானே ஓட்டும் உரிமையாளருக்கு இழப்பீடு தர முதலாளி இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு அவரது உயிருக்குப் பயன்படாது. எனவே உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருப்பதும் இன்றியமையாதது. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் காப்பளிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் இரு சாராருமே சேரலாம்.

கவனிக்க வேண்டியவை

* ஓராண்டாவது சம்பளத்துக்கு ஓட்டி, சரக்கு பிடிக்கும் வழிகளையும் பழுது நுணுக்கங்களையும் கற்க வேண்டும்.

* மாதம் 21 நடைக்குக் குறையாமல் தரக்கூடிய வியாபாரிகளை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

* மூன்று மாதத் தவணைப் பணத்தைக் கையிருப்பாக வைக்க வேண்டும்.

* தன் உழைப்புக்கும் கூலி போட்டே லாபத்தைக் கணக்கிட வேண்டும்.

* வண்டியே கடனுக்கு ஈடாக நிற்கும். எக்காரணம் கொண்டும் நிலப் பத்திரத்தை அடகு வைக்கலாகாது.

வண்டி போனால் மீண்டும் சம்பளத்துக்கு ஓட்டலாம். நிலம் போனால் மீட்பது அரிது. இதை மனதில் கொண்டு முடிவெடுப்போருக்கு இருவழியும் நல்வழியே.